5½ மணி நேர வகுப்பு, 12 மணி நேர வேலை: ஒரு கராத்தே குடும்பத்தின் வாரக் கணக்கு

டோஜோவில், அதாவது கராத்தே பயிற்சிக்கூடத்தில், கொடுத்த அட்டவணையைக் கூட்டினால் வாரத்துக்கு ஐந்தரை மணி நேரம்தான் வருகிறது. வாரத்தின் 168 மணி நேரத்தில் அது ஒரு மூலைக்கும் காணாது. ஆனாலும் அந்த வீட்டில் செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்து மணி ஆனால் குரல் உயர்கிறது, மகளின் வீட்டுப்பாடம் இரவு பத்தரைக்கு இழுக்கிறது, அடுத்த நிற பெல்ட்டுக்கான தேர்வான பெல்ட் டெஸ்ட்டுக்குப் பத்து வாரம் இருக்கும்போதே அம்மா "இதை நிறுத்திவிடலாமா" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். நேரம் வகுப்பில் கரையவில்லை என்றால் எங்கே கரைந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இங்கே வரும் குடும்பம் ஒரு மாதிரிக் குடும்பம். பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் வழக்கமாக வரும் சிக்கல்களை ஒரே வீட்டில் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். அவர்களுடைய மணிக்கணக்கு எல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் வீட்டு எண்களைப் போட்டால் விடை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

வீட்டின் நிலை

அப்பாவுக்கு ஷிப்ட் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரம் மாறும். அம்மாவுக்கு அலுவலக வேலை. செவ்வாய், வியாழன் மட்டும் சீக்கிரம் கிளம்ப அனுமதி உண்டு. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. இருவரும் கராத்தேயின் ஒரு பிரிவான ஷோட்டோகான் கற்கிறார்கள்.

மகனின் வகுப்பு செவ்வாய், வியாழன் மாலை 5:15 முதல் 6:00 வரை. மகளுக்கு அதே நாட்களில் 6:30 முதல் 7:45 வரை. சனிக்கிழமை காலை 7:00 முதல் 8:30 வரை இருவருக்கும் ஒன்றாக. டோஜோவுக்குப் போக 20 நிமிடம், வர 20 நிமிடம்.

இரண்டு வகுப்புக்கும் நடுவில் அரை மணி இடைவெளி. வீட்டுக்கு வந்து திரும்பிப் போக அது போதாது என்பதால், பெரியவர் ஒருவர் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு 4:50க்குக் கிளம்பி, 8:10க்குத்தான் வீடு திரும்புவார்.

ஒரு வாரம் எழுதிப் பார்த்தது

முதல் வேலை மாற்றம் செய்வதல்ல, எழுதுவது. ஏழு நாள், கால் மணிக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்ட தாள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டிவிட வேண்டும். செல்போன் செயலிகளும் இருக்கின்றன. ஆனால் நான்கு பேரும் ஒரே இடத்தில் எழுத வேண்டும் என்றால் தாள்தான் நிற்கிறது. "கராத்தே" என்ற ஒரே சொல்லை எழுதக் கூடாது. கிளம்பியது, வண்டி, காத்திருந்தது, வகுப்பு, திரும்பியது, துவைத்தது என்று பிரித்து எழுத வேண்டும். பிரிக்காத தாளால் பயனில்லை.

வந்த கணக்கு இது. செவ்வாயும் வியாழனும் 3 மணி 20 நிமிடம் வீதம், பெரியவர் ஒருவர் வெளியே இருந்த நேரம் 6 மணி 40 நிமிடம். சனிக்கிழமை 6:35க்குக் கிளம்பி 8:55க்குத் திரும்ப 2 மணி 20 நிமிடம். கிளம்புவதற்கு முன் தேடுவது, கத்துவது, பை கட்டுவது நாளுக்கு 25 நிமிடம். மூன்று நாளுக்கு 1 மணி 15 நிமிடம். திரும்பிய பின் பையைப் பிரிப்பது, குளிக்க விரட்டுவது நாளுக்கு 20 நிமிடம், மொத்தம் 1 மணி. சீருடை துவைப்பதும் காயப்போடுவதும் 45 நிமிடம். கூட்டினால் சரியாக 12 மணி நேரம். அட்டவணையில் இருந்ததோ ஐந்தரை.

குடும்பம் திட்டம் போட்டது ஐந்தரைக்கு, வாழ்ந்தது பன்னிரண்டில். நடுவில் இருக்கும் ஆறரை மணி நேரத்துக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை. அது வீட்டுப்பாடத்திலும் தூக்கத்திலும் இருந்து தானாகவே எடுத்துக்கொண்டது.

தாளில் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தன. ஒன்று, காத்திருப்பு. மகள் 5:10க்கு டோஜோ வந்து 6:30 வரை 80 நிமிடம் சும்மா இருக்கிறாள். மகன் 6:00 முதல் 7:45 வரை 105 நிமிடம் அக்காவுக்காக உட்கார்ந்திருக்கிறான். இரண்டாவது, தாமதம். இன்னொரு வாரமும் சேர்த்து எழுதிய ஆறு வகுப்பு நாட்களில் நான்கு நாள் தாமதம். வீட்டில் எல்லோரும் குற்றம் சொன்னது சாலை நெரிசலை. தாளில் நெரிசலால் தாமதமானது ஒரு நாள்தான். ஒரு நாள் சிற்றுண்டி தாமதம், ஒரு நாள் பெல்ட் காணோம், ஒரு நாள் பல்லைக் காக்கும் மவுத்கார்டு காணோம்.

தூக்கத்தையும் குறித்தார்கள். மகள் வகுப்பு நாட்களில் இரவு 11 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறாள், ஏழு மணி நேரம். மகன் 9:45 முதல் 6:15 வரை, எட்டரை. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 6 முதல் 12 வயது வரை 9–12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8–10 மணி நேரமும் வேண்டும். இருவருக்குமே குறைவு. வகுப்பில் புதிதாகப் படித்த அசைவு அடுத்த வகுப்பில் மறந்துபோகிறது என்றால், பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் தூக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்பது நாளில் கிழிந்த வண்ண அட்டவணை

முதலில் எல்லோரும் செய்வதையே அவர்களும் செய்தார்கள். ஆளுக்கு ஒரு நிறம், காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை கால் மணிக்கு ஒரு வேலை. பார்க்க அழகு. ஒன்பதாவது நாள் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அது ஏன் விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகள் இங்கேதான் "நமக்கு ஒத்துவராது" என்று கைவிடுகின்றன. அட்டவணையில் ஒரு நிமிடம்கூட மிச்சம் வைக்கவில்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் மனிதர் பெரும்பாலும் தடங்கலே இல்லாத நாளை நினைத்துத்தான் பதில் சொல்வார். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதைத் திட்டமிடலில் வரும் பிழை என்று எழுதியிருக்கிறார்கள். 4:15க்கு ஐந்து நிமிடம் பிசகினால் இரவு வரை எல்லாக் கட்டமும் பிசகியது. அப்பாவின் ஷிப்ட் மாறிய அன்று அட்டவணை முழுவதுமே பொய்யாகிவிட்டது. அதைவிடப் பெரிய கோளாறு, அட்டவணையைக் காக்கும் காவலர் வேலை அம்மா தலையில் விழுந்தது. "மணி என்ன பாரு" என்பது நாளுக்கு இருபது முறை. பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் குரலைத்தான் பார்த்தார்கள்.

பை

இரண்டாவது முயற்சி பையிலிருந்து தொடங்கியது. இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. நான்கு தாமதத்தில் இரண்டு பையால் வந்தவை.

வகுப்புக்குப் பை கட்டும் நேரம், வகுப்பு முடிந்து வீடு திரும்பிய முதல் பத்து நிமிடம். அடுத்த வகுப்பு நாளின் மாலை அல்ல. கதவுக்குள் வந்ததும் ஈரச் சீருடை வெளியே, மவுத்கார்டு கழுவும் இடத்துக்கு, பை வாயைத் திறந்தபடி ஆணியில். சீருடை தவிர மற்ற எல்லாம் அன்றிரவே திரும்பப் பைக்குள் போய்விடும். சீருடை காய்ந்ததும் மடித்துப் பைக்குள்தான், அலமாரிக்குள் அல்ல. அலமாரிக்குப் போன சீருடை பள்ளி உடுப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

பைக்குள் இருப்பவை: சட்டை, கால்சட்டை, பெல்ட், துளையுள்ள பெட்டியில் மவுத்கார்டு, கையுறை, முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு, தண்ணீர் பாட்டில், சின்னத் துண்டு, செருப்பு, நகவெட்டி, பிளாஸ்டர் சுருள், மகளுக்குத் தலைமுடி ரப்பர் இரண்டு. இந்தப் பட்டியல் பையின் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்தைவிடப் படம் நல்லது. அவரவர் பையை அவரவரே கட்ட வேண்டும். பெரியவர் முந்தைய இரவு பார்க்க வேண்டியது அடிக்கடி காணாமல் போகும் மூன்றை மட்டும்: பெல்ட், மவுத்கார்டு, பாட்டில்.

துவைப்பதில் ஒரே ஒரு இடுக்கான நேரம் இருந்தது. செவ்வாய் இரவிலிருந்து வியாழன் மாலை வரை இரண்டு நாள் கிடைக்கும். வியாழன் இரவு 8 மணியிலிருந்து சனி காலை ஆறரை வரை 35 மணி நேரம்கூட இல்லை. கனமான பருத்திச் சீருடையை ஒரு நாள் தள்ளித் துவைத்தால் ஈரக் காற்றுள்ள நாட்களில் அதற்குள் காயாது. கழுத்துப் பட்டையும் கையோரத் தையலும் ஈரமாகவே இருக்கும். ஆகவே வியாழன் துவையல் அன்றிரவே, மற்றது வசதிப்படி. ஜூடோ வீடுகளுக்கு இந்த இடுக்கு இன்னும் இறுக்கம், அந்தச் சட்டை இன்னும் தடித்த நெசவு. கொதிநீரில் போட்டால் பருத்தி சுருங்கும். வாயில் வைத்து அச்செடுத்த மவுத்கார்டைச் சுடுநீரில் கழுவினால் அச்சு போய்விடும், குளிர்ந்த நீர்தான். ஈரச் சீருடையைப் பைக்குள்ளேயே மூடி வைத்தால் நாற்றத்தோடு நிற்காது, படர்தாமரைக்கும் வழி.

பின்னோக்கி எண்ணிய கடிகாரம்

வகுப்பு 5:15க்குத் தொடங்குகிறது என்பது வரிசையில் நின்று வணங்கும் நேரம். டோஜோ வாசலுக்கு 5:05. அப்படியென்றால் கிளம்புவது 4:45, செருப்பு மாட்டுவது 4:40, சிற்றுண்டி முடிவது 4:20. பழைய கணக்கில் 4:50க்குக் கிளம்பியபோது ஒரு சின்னத் தடங்கலும் வார்ம்அப்பைத் தின்றது. வார்ம்அப் இல்லாமல் நேராக உதைக்குள் போகும் பிள்ளைக்குத் தொடைத் தசை பிடிப்பது தாமதத்தின் இன்னொரு விலை.

இந்த நேரங்களைப் பிள்ளைகளுக்குக் கடிகார எண்ணாகச் சொல்லவில்லை. "பள்ளிப் பையை வைத்ததும் கை கழுவிச் சிற்றுண்டி, தட்டைக் கழுவியதும் சீருடைக் கால்சட்டை" என்று ஒரு வேலையின் வாலில் அடுத்ததைக் கட்டினார்கள். "இது நடந்ததும் அது" என்று முன்கூட்டியே முடிவு செய்தால் காரியம் நடக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் வந்தது. ஷிப்ட் மாறினாலும் சங்கிலி அறுவதில்லை, ஏனென்றால் அது மணியைப் பிடித்துத் தொங்கவில்லை.

காத்திருப்பைக் காசாக்கியது

மகளின் 80 நிமிடத்தில் உடுப்பு மாற்ற, உடம்பைச் சூடாக்க, இடம் பிடித்து உட்கார என்று 30 போனால் 50 நிமிடம் நிகரம். சத்தம் இருக்கும் இடத்தில் எல்லாப் பாடமும் ஓடாது. கணக்குப் பயிற்சி, படித்ததைத் திரும்ப எழுதிப் பார்ப்பது, மொழிப் பாடம் ஓடும். இணையம் வேண்டியது, படம் வரைவது, புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியது ஓடாது. அதற்கென்று தனிக் கோப்பு: அட்டைப் பலகை, இரண்டு பேனா, அன்றைக்கு முடிக்க வேண்டிய ஒரே ஒரு பாடம். நான்கு புத்தகத்தைத் தூக்கிப்போனால் எதைத் திறப்பது என்ற யோசனையிலேயே பதினைந்து நிமிடம் போகும்.

மகனின் 105 நிமிடத்தை அப்படிக் காசாக்க முடியாது. வகுப்பு முடித்த எட்டு வயதுக்காரனுக்குப் பசி, களைப்பு. அவன் வீட்டுக்குப் போக வேண்டும். இதற்கு மகளின் வகுப்பிலேயே இருக்கும் இன்னொரு பிள்ளையின் வீட்டாரோடு பேசிப் பங்கு போட்டார்கள். 6:00க்கு அம்மாவோ அப்பாவோ மகனோடு கிளம்பி 6:25க்கு வீடு. 7:45க்கு மகளை அந்த வீட்டார் கொண்டுவந்து விடுவார்கள். பதிலுக்குச் சனிக்கிழமை அந்தப் பிள்ளையை இவர்கள் ஏற்றி இறக்குவார்கள். நடுவில் அரை மணி மகள் தனியாக டோஜோவில் இருப்பதை மாஸ்டரிடம் கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். அவர் பொறுப்பேற்க முடியாது என்றால் இந்த ஏற்பாடே கிடையாது.

ஒரு நாளுக்கு 3 மணி 20 நிமிடமாக இருந்தது 1 மணி 40 நிமிடமானது. சனிக்கிழமை சுற்றிப் போவதால் 2 மணி 40 நிமிடமாகக் கூடியது. மூன்று நாளும் சேர்த்து வெளியே இருப்பது 6 மணி. முன்னும் பின்னுமான பை வேலை பத்துப் பத்து நிமிடமாகி மொத்தம் 1 மணி. துவையல் அதே 45 நிமிடம். 12 மணி நேரம் 7 மணி 45 நிமிடமானது. ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

வீட்டுப் பயிற்சி: எப்போதும் முதல் ஐந்து அசைவு

முன்பு ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் கட்டா, அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர். பாதி ஞாயிறு நடக்காது, நடந்தால் சண்டை. அதே 60 நிமிடத்தை நாளுக்கு 12 நிமிடமாக ஐந்து நாளுக்குப் பிரித்தார்கள். விட்டுவிட்டுப் படித்தது ஒரே மூச்சில் படித்ததைவிட நிலைக்கும் என்பது 1885இல் நினைவாற்றலை ஆராய்ந்த உளவியலாளர் எபிங்ஹவுஸ் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி.

மகன் தேர்வுக்குக் காட்ட வேண்டியது ஹெய்ஆன் ஷோடன் என்ற கட்டா, 21 அசைவு. வீட்டில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் இந்தக் கட்டாவை முதல் அசைவிலிருந்து தொடங்கும். நடுவில் யாரோ கூப்பிடுவார்கள், அல்லது சுவர் வரும். நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஐந்து தொடக்கத்துக்கு ஒரு முடிவுதான் கிடைக்கிறது. பலன், முதல் ஐந்து அசைவு பளபளக்கும், கடைசி நான்கு தடுமாறும். அந்தக் கடைசி நான்கும் கொகுட்சு டாச்சி என்ற நிலையில் நின்று கையின் விளிம்பால் தடுக்கும் ஷூட்டோ உகே. எடை பின்காலுக்குப் போகும் அந்த நிலைதான் புதியவருக்கு மிகக் கடினம். மிகக் கடினமான இடத்துக்கு மிகக் குறைந்த பயிற்சி.

எனவே கட்டாவைத் துண்டு போட்டார்கள்: 1–5, 6–9 (மேல்நோக்கித் தடுக்கும் ஆகே உகே மூன்று, ஒன்பதாவதில் கியாய் என்ற உரத்த குரல்), 10–13, 14–17 (முன்னே அடி வைத்துக் குத்தும் ஓய் சூக்கி மூன்று, பதினேழாவதில் கியாய்), 18–21. திங்கட்கிழமை கடைசித் துண்டில் தொடங்குவது. 12 நிமிடம் இப்படிப் போகும்: மூட்டுகளைத் தளர்த்த 2, அன்றைய துண்டு 5, நிற்கும் நிலை மட்டும் 2, முழுக் கட்டா ஒருமுறை மெதுவாக, ஒருமுறை வேகமாக 3. இடம் போதாவிட்டால் முன்னே போகும் அடியை அரை அடியாக்கலாம். திரும்புவதைச் சுருக்கக் கூடாது, தவறு வருவதே திரும்பும் இடத்தில்தான்.

ஆறாவது வாரம் மகன் மறுத்துவிட்டான். காரணம் சோம்பல் அல்ல. அப்பா ஒவ்வொரு அசைவையும் திருத்தத் தொடங்கியிருந்தார். அவருக்குக் கராத்தே தெரியாது. காணொளியில் பார்த்ததைச் சொன்னார், மாஸ்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தார். பிறகு விதி வைத்தார்கள்: பெற்றோர் நேரம் பார்க்கலாம், எண்ணிக்கை சொல்லலாம், திருத்தக் கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு தாளில் எழுதி வகுப்புக்கு முன் மாஸ்டரிடம் கேட்பது பிள்ளையின் வேலை.

பத்து வாரமும் கெட்ட வாரமும்

தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி: முதல் நான்கு வாரம் தெரியாததைக் கற்பது, அடுத்த மூன்று வாரம் மெருகு, எட்டாவது வாரம் மாஸ்டர் முன் ஒரு ஒத்திகை, ஒன்பதாவது வாரம் ஒத்திகையில் வந்த இரண்டே இரண்டு பிழை, கடைசி வாரம் பாதிப் பயிற்சியும் முழுத் தூக்கமும். குறைந்தபட்ச வருகை எத்தனை வகுப்பு என்பதை முதல் வாரமே கேட்டுக் குறிக்க வேண்டும். டோஜோவுக்கு டோஜோ அது மாறும், எட்டாவது வாரத்தில் தெரிந்தால் ஈடுகட்ட வழியில்லை. பள்ளித் தேர்வும் பெல்ட் டெஸ்ட்டும் ஒரே இரண்டு வாரத்துக்குள் வந்தால் பெல்ட் டெஸ்ட்டை அடுத்த சுற்றுக்குத் தள்ளுவதே எங்கள் தீர்ப்பு. பெல்ட் காத்திருக்கும்.

ஞாயிறு இரவு பதினைந்து நிமிடம் நால்வரும் உட்கார்ந்து அடுத்த வாரத்துக்கு ஒரு பெயர் வைப்பார்கள்: முழு வாரம், அரை வாரம், உயிர்ப்பு வாரம். உயிர்ப்பு வாரம் என்றால் ஆளுக்கு ஒரு வகுப்பு, வீட்டில் ஐந்து நிமிடம் வீதம் மூன்று நாள், அவ்வளவுதான். விட்டதை அடுத்த வாரம் இரட்டிப்பாக்கக் கூடாது. இரட்டிப்பு வாரம்தான் அதற்கடுத்த வாரத்தையும் கெடுக்கிறது. பழக்கம் பிடிக்கச் சராசரியாக 66 நாள் ஆனது என்று லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் கண்டார்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டால் பெரிதாகக் கெடுவதில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு.

மூன்றாவது வாரம் பங்குபோட்ட வீட்டாரின் வண்டி கெட்டு, 7:45க்கு மகள் வாசலில் நின்றாள். அதற்குப் பின், வர முடியாது என்றால் மதியம் 3 மணிக்குள் செய்தி, செய்தி வந்தால் பதில் "சரி" என்று வந்தே ஆக வேண்டும் என்றானது. செய்தியைப் படித்ததைக் காட்டும் நீல நிறக் குறியைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பத்தாவது வாரம் மகள் படுப்பது இரவு 10 மணி, மகன் 8:45. தூக்கம் எட்டு மணி நேரமும் ஒன்பதரையும். இருவரும் பெல்ட் டெஸ்ட்டில் கலந்துகொண்டார்கள்.

தேர்வு முடிந்த வாரமே மகளைப் போட்டி அணிக்கான புதன்கிழமை வகுப்புக்குக் கூப்பிட்டார்கள், 75 நிமிடம். "ஒன்றேகால் மணிதானே" என்றாள். தாளை எடுத்தார்கள். கொண்டுவிட்டு வர 40 நிமிடம், கூட்டி வர 40, பை வேலை 20. பெரியவருக்கு 1 மணி 40. செவ்வாய் இரவு துவைத்த சீருடை புதன் மாலைக்குக் காயாது, இரண்டாவது சீருடை வேண்டும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் வீட்டுப்பாடத்தை முழுதாக முடிக்க இருந்த ஒரே மாலையும் புதன்தான். வியாழன் வகுப்புக்குப் பதிலாகப் புதன் வரலாமா என்று மாஸ்டரிடம் கேட்பதென்றும், அதற்கு அவர் ஒப்பாவிட்டால் இந்தப் பருவம் வேண்டாம் என்றும் அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவானது.